ஐந்து ஐந்தாக

மாத்திரைகளை நாங்கள் ஐந்து ஐந்தாகத்தான் எண்ணுவோம்.
நீலத் தட்டு, தட்டைக் கரண்டி,
ஐந்து, பத்து, பதினைந்து.
லைமன் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு முதல் மாதம் முப்பது.

மெய்ன் கரையில் அக்டோபர்.
சிங்கிறால் கூண்டை இழுத்த விஞ்ச்
அவன் தோளையும் சேர்த்து இழுத்திருந்தது.
ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்து
ஈரக் கடற்பாசி போர்த்திய வாளியொன்றைக்
கவுண்ட்டரில் வைத்தான்.
‘ராத்திரி முழுக்கத் தூங்கினேன்’ என்றான்.
உள்ளே நான்கு சிங்கிறால்கள், உயிரோடு.

அவன் தலைக்குள் அப்போது நடந்ததைக்
கல்லூரியில் படித்துத் தேறியவள் நான்.
ஜன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது.
நரம்புச் செல்லின் தோல் ஒரு குடாக்கடல்.
ஏற்பிகள், படகு கட்டும் மிதவைகள்.
உடம்பு தன் பங்குக்கு அனுப்பும் சின்னத் தோணிகள்
வந்து கட்டும், சரக்கை இறக்கும், அவிழ்த்துக்கொண்டு போகும்.
மாத்திரையில் வருபவை
போக மனமில்லாத கப்பல்கள்.
நாளுக்கு மூன்று வேளை, உணவுக்குப் பின்.

செல் பொறுத்துப் பார்க்கும்.
பிறகு மிதவையின் வளையத்தில் துணி அடைக்கும்,
கயிறு பிடிக்காதபடி.
பிறகு சிலவற்றைக் கழற்றி உள்ளே கொட்டகையில் போடும்,
பனிக்கு முன் எங்கள் ஆட்கள் செய்வதுபோல.
அவற்றில் சில திரும்பித் தண்ணீருக்கு வரும்.
சில பழைய இரும்புக்கு.
அதுவும் போதாமல்,
ஓயாத எதிர்நீரோட்டத்தில் நின்ற இடத்திலேயே நிற்க
எஞ்சினை முறுக்கிக்கொண்டே போகும்.

அறுபது. தொண்ணூறு. நூற்றிருபது.
டாக்டர் எழுதினார். நான் எண்ணினேன்.
ஊர் அவனைப் பேராசைக்காரன் என்றது.
செல்லுக்கு ஏது ஆசை?
கவிழாமல் இருக்கப் பார்க்கிறது.

ஒரு மார்ச் மாதம் டாக்டரின் கதவில் போலீஸ் பூட்டு.
நீரோட்டம் சட்டென்று நின்றது.
எஞ்சின் மட்டும் முழு வேகத்தில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லைமன்.
கொட்டாவி மேல் கொட்டாவி,
உரித்த கோழித் தோலாய்க் கைகள்,
கண்பாவை இரண்டும் காசளவு விரிந்து.
‘ஐந்து கொடு, போதும்’ என்றான்.
என் கரண்டியின் கணக்கு அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

அவன் தங்கை டெல்லா பாங்கருக்குக் கூட்டிப்போனாள்.
எழுபத்தொரு நாள்.

ஜூனில் வந்தான், சவர பிளேடு வாங்க.
நடுங்காத கையால் சில்லறை எண்ணித் தந்தான்.
மிதவைகளை அதற்குள் தண்ணீரில் இறக்கி முடித்திருந்தார்கள்.
குடா நிறைய வெள்ளையும் நீலக்கோடும்,
காலியாக, படகுகளைப் பார்த்து.
மூக்கில் அடித்தால் மூச்சை மீட்டுத் தரும் மருந்து
என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.
தேறியவனுக்கு எதற்கு, சொன்னால் வருத்தப்படுவான் என்று
பிளேடை மட்டும் பையில் போட்டேன்.

அவன் நினைவில் இருந்தது பழைய கணக்கு.
உடம்பு அதை அழித்து எழுதியிருந்தது.
ஆகஸ்டில் ஒருநாள் தோள் மறுபடி பிடித்துக்கொள்ள
எங்கிருந்தோ கிடைத்ததில்
அந்தப் பழைய அளவையே எடுத்தான்.
எல்லா மிதவையும் வெளியே.
எல்லாக் கப்பலும் ஒரே நேரத்தில்.
மூச்சு விடு, மூச்சு விடு என்று சொல்லும் இடத்திலும்
இதே மிதவைகள்தான் மிதக்கின்றன.
கண்டுபிடித்தபோது படகின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம்,
வானொலியில் நாளைய அலை உயரம்.

நேற்று டெல்லா வந்தாள், ரத்த அழுத்த மாத்திரைக்கு.
முப்பது.
குளிரைப் பற்றி ஏதோ சொன்னாள்.
அவள் பார்வை என்னைத் தாண்டி
அலமாரிக்குப் போய் நின்றுவிட்டது.
இருபத்தைந்தில் எனக்குக் கணக்குத் தவறியது.
எல்லாவற்றையும் ஒரு பக்கம் கூட்டி ஒதுக்கி
மறுபடி தொடங்கினேன்.
ஐந்து.